வழக்கு இருந்தவர் வெளிநாட்டுத் துணை விசாவுக்கு விண்ணப்பிப்பது எப்படி: வன்னியிலிருந்து முதல்முறை படிவம் நிரப்புகிறவர்களுக்கு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு வீட்டில் வெளிநாட்டுச் சம்பந்தம் பொருந்தி வந்தால் முதலில் சாதகம் பார்ப்பார்கள், பிறகு சீதனம் பேசுவார்கள், அதற்குப் பிறகு ஸ்பொன்சர் செய்து கூப்பிட எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்பார்கள். பழைய வழக்கொன்று இருக்கிறதே, அது துணை விசாவுக்கு, அதாவது கணவன் அல்லது மனைவியாகப் போகிற விசாவுக்கு, இடைஞ்சலாகுமா என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது, அதுவும் படிவத்தில் அந்தப் பக்கம் வந்து கை நின்ற பிறகு. அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கிற முகவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "இல்லை எண்டு போடுங்கோ, அவங்களுக்கு எப்பிடித் தெரியப்போகுது."

அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். சின்ன வழக்கால் விசா மறுக்கப்பட்டவர்களை விட, சின்ன வழக்கை மறைத்து மறுக்கப்பட்டவர்களின் நிலைமை மோசம், ஏனென்றால் வழக்குக்கு ஒரு காலக்கணக்கு உண்டு, அது கழிந்துபோகும். பொய் சொன்னார் என்று கோப்பில் எழுதப்பட்டால் அடுத்தடுத்த விண்ணப்பம் எல்லாவற்றிலும் அது கூடவே வரும். இந்தக் கட்டுரை சட்டத்தரணிக்குப் பதிலாகாது. ஆனால் சட்டத்தரணியிடம் போவதற்கு முன் கையில் என்ன இருக்கவேண்டும், படிவத்தில் எதை எப்படிப் பார்க்கவேண்டும் என்று இங்கே சொல்லலாம்.

முதல் வேலை: வழக்கு என்ன ஆனது என்று கண்டுபிடியுங்கள்

"அது அப்பவே முடிஞ்சுது" என்று சொல்கிற வழக்குகளில் கொஞ்சம் உண்மையில் முடியாமலே கிடக்கும். மணல் ஏற்றிப் பிடிபட்டவர், முதிரை மரம் வெட்டிப் பிடிபட்டவர், கசிப்பு வழக்கு, காணிச் சண்டையில் கைகலப்பு, இப்படியான வழக்குகளில் இரண்டு தவணைக்குப் போய்விட்டு மூன்றாம் தவணை கட்டாருக்கோ கொழும்புக்கோ வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். தவணைக்குப் போகாவிட்டால் நீதவான் பிடியாணை பிறப்பிப்பார். அந்தப் பிடியாணை தானாக அழியாது. விசா கிடைத்து கட்டுநாயக்காவில் நிற்கும்போது அது வெளியே வந்தால் விமானமும் போய்விடும், அடுத்த திங்கட்கிழமை நீதிமன்றத்திலும் நிற்க வேண்டும். பிணை கொடுக்கும்போது கடவுச்சீட்டை ஒப்படைக்கச் சொல்லியிருந்தாலோ வெளிநாடு போகத் தடை போட்டிருந்தாலோ அதை நீக்கும்படி நீதிமன்றத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

எனவே வழக்கு நடந்த நீதவான் நீதிமன்றத்துக்குப் போங்கள், வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு எதுவானாலும். வழக்கு இலக்கம் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் பழைய பிணைப் பத்திரத்தில், தண்டப்பணம் கட்டிய பற்றுச்சீட்டில் இருக்கும். அதுவும் இல்லையென்றால் பிடித்த பொலிஸ் நிலையத்தின் பெயரும் ஆண்டும் சொல்லித் தேடுவிக்க வேண்டும். அப்போது வழக்காடிய சட்டத்தரணியின் எழுதுவினைஞரிடம் பெரும்பாலும் ஒரு பழைய கொப்பி இருக்கும், அங்கேயும் கேளுங்கள். தேடி எடுத்த பிறகு பதிவகத்தில் மூன்று பத்திரங்களுக்கு உறுதிப்படுத்திய பிரதி கேளுங்கள்: குற்றப்பத்திரம், தீர்ப்பு அல்லது கட்டளை, தண்டனை முடிந்ததற்கான குறிப்பு. வழக்குத் தள்ளுபடியானவரும் இதை எடுக்கத்தான் வேண்டும். விடுவித்த கட்டளைதான் உங்கள் கையில் இருக்கிற ஆகப்பெரிய பத்திரம்.

பிரதி வந்ததும் ஒரு விஷயம் பாருங்கள். தண்டம் கட்டினீர்களா, ஒத்திவைத்த சிறைத்தண்டனையா, குற்றவாளியாகப் பதியாமல் எச்சரித்து விட்டார்களா என்பது வீட்டில் எல்லோருக்கும் ஒன்றுதான், "கோர்ட்டில முடிஞ்சுது." விசா அதிகாரிக்கு இவை வெவ்வேறு. ஒத்திவைத்த தண்டனை என்றால் எத்தனை மாதத்தை எத்தனை ஆண்டுக்கு ஒத்திவைத்தார்கள் என்று இரண்டு எண்ணும் வேண்டும்.

பொலிஸ் சான்றிதழ்

இதற்குப் பொலிஸ் திணைக்களத்தின் இணையத்தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். கொழும்புத் தலைமையகம், நீங்கள் இருந்த முகவரிகளுக்குரிய பொலிஸ் நிலையங்களிடம் விசாரித்துவிட்டுத் தரும். இங்கேதான் வன்னிக்காரருக்கு ஒரு சிக்கல். இடம்பெயர்ந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து, மீள்குடியேறி, பிறகு வேலைக்கு வவுனியாவில் இருந்து என்று முகவரி பலதாக இருக்கும். ஒரு தாளில் ஆண்டு, மாதம், கிராம அலுவலர் பிரிவு என்று முதலில் வரிசையாக எழுதி, விதானையாரிடம் வதிவிடக் கடிதம் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கி வையுங்கள். இந்த ஒரே தாளைப் பார்த்துத்தான் பொலிஸ் விண்ணப்பத்தையும் விசாப் படிவத்தையும் நிரப்ப வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒத்துப்போகும்.

இந்தியாவில் முகாமில் வளர்ந்து திரும்பி வந்தவர்களும், வளைகுடாவில் வேலை செய்தவர்களும் அந்தந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழும் எடுக்க வேண்டிவரும். எவ்வளவு காலம் இருந்தால் கேட்பார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும்: கனடா தொடர்ச்சியாக 6 மாதம் என்று பார்க்கும், அவுஸ்திரேலியா கடந்த 10 ஆண்டுகளில் மொத்தம் 12 மாதம் என்று பார்க்கும். வளைகுடாச் சான்றிதழுக்கு விரலடையாளம், தூதரக அத்தாட்சி என்று இழுபடும், அதை முதலிலேயே தொடங்கி விடுங்கள்.

படிவத்தில் என்ன கேட்கிறார்கள்

இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள், பலர் விழுகிற இடம் இது. பொலிஸ் சான்றிதழில் "பாதகமாக ஒன்றுமில்லை" என்று வந்துவிட்டால் எல்லாக் கேள்விக்கும் "இல்லை" போடலாம் என்று நினைக்கிறார்கள். சான்றிதழ் சொல்வது பொலிஸின் பதிவேட்டை. படிவம் கேட்பது உங்கள் வாழ்க்கையை. இரண்டும் ஒன்றல்ல, ஒவ்வொரு நாடும் கேட்கிற விதமும் வேறு.

பிரித்தானியப் படிவம் குற்றத்தீர்ப்பு உண்டா, வாகனம் ஓட்டிய குற்றத்துக்குத் தண்டனை உண்டா, கைதாகியோ குற்றம் சாட்டப்பட்டோ இப்போது வழக்கு நிலுவையில் உள்ளதா, எச்சரிக்கை ஏதும் வழங்கப்பட்டதா என்று கேட்கிறது. அமெரிக்கக் குடிவரவு விசாப் படிவம் எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்றே கேட்கிறது, மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்ல வேண்டும். கனடாவின் பின்னணிப் படிவம் குற்றத்தீர்ப்பைக் கேட்கிறது, தனியாகத் தடுத்து வைக்கப்பட்டீர்களா, சிறையில் இருந்தீர்களா என்றும் கேட்கிறது. அவுஸ்திரேலியாவின் படிவம் 80 பதிவிலிருந்து இப்போது நீக்கப்பட்ட தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறது. இந்திய விசாப் படிவமும் கைது, வழக்கு, தண்டனை மூன்றையும் கேட்கும்.

இனி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். காணி விடுவிப்புக் கேட்டு நடந்த ஆர்ப்பாட்டத்தில் பிடித்தார்கள், இரண்டு நாள் விளக்கமறியல், பிறகு பிணை, அடுத்த ஆண்டு வழக்குத் தள்ளுபடி. பிரித்தானியாவின் கேள்விகளுக்கு இவருக்குத் தீர்ப்பும் இல்லை, நிலுவை வழக்கும் இல்லை. அமெரிக்காவின் கைதுக் கேள்விக்கு "ஆம்". கனடாவின் தடுத்துவைப்புக் கேள்விக்கும் "ஆம்". மூன்றும் உண்மைதான், மூன்றும் ஒரே ஆள்தான். ஆகவே "எனக்கு வழக்கு இருக்குதா இல்லையா" என்று பொதுவாக யோசிக்காமல், ஒவ்வொரு கேள்வியையும் அதன் வினைச்சொல்லைப் பார்த்து வாசியுங்கள்: பிடித்தார்களா, தடுத்து வைத்தார்களா, குற்றம் சாட்டினார்களா, குற்றவாளி என்று தீர்த்தார்களா. ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒருவரை இருத்தி அந்த ஒரு பக்கத்தை மட்டும் சொல்லுக்குச் சொல் வாசிக்கச் சொல்லுங்கள். "ஆம்" போட்டால் கீழே விளக்கப் பெட்டி வரும், அதற்கு அஞ்ச வேண்டாம், அந்தப் பெட்டி உங்கள் பக்கத்தைச் சொல்வதற்காகத்தான் இருக்கிறது.

அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: பிரித்தானியா, அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் விரலடையாளத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கின்றன. ஒரு நாட்டில் கொடுத்த விரலடையாளம் இன்னொரு நாட்டில் பேசும்.

படகில் போய்த் திரும்பியவர்கள்

2012 அளவில் முல்லைத்தீவு, மன்னார்க் கரையிலிருந்தும் மேற்கு, கிழக்குக் கரைகளிலிருந்தும் அவுஸ்திரேலியாவுக்குப் படகில் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வன்னியில் நிறையப் பேர். வந்து இறங்கியதும் கட்டுநாயக்காவில் வைத்து விசாரித்து, குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் கீழ் நீர்கொழும்பு நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டு வந்தார்கள், அதை ஒரு வழக்காகவே மனதில் வைத்திருப்பதில்லை. அது குற்றத்தீர்ப்பு. கேட்டால் சொல்ல வேண்டும், பிரதி எடுக்க நீர்கொழும்புக்குத்தான் போக வேண்டும். சிலருக்கு வழக்கு அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும், அதனால் இவர்கள் முதல் வேலையாகவே நீர்கொழும்பில் விசாரிக்க வேண்டும். அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போனதற்கான தண்டம் என்பது துணை விசாவில் பெரும்பாலும் தாண்டக்கூடிய விஷயம். முன்பு அவுஸ்திரேலியா விரலடையாளம் எடுத்திருக்கும்போது இப்போது கனடாப் படிவத்தில் "எந்த நாட்டிலும் தஞ்சம் கேட்டதில்லை, திருப்பி அனுப்பப்பட்டதில்லை" என்று போடுவதுதான் தாண்டமுடியாததாகும்.

புனர்வாழ்வும் தடுப்புக்காவலும்

2009 மே மாதத்துக்குப் பிறகு சுமார் 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் மீது வழக்கு நடக்கவில்லை, தீர்ப்பும் இல்லை. ஆகவே "குற்றத்தீர்ப்பு உண்டா" என்றால் இல்லை என்பதே சரியான பதில். ஆனால் "தடுத்து வைக்கப்பட்டீர்களா" என்றால் ஆம். "ஆயுதப் போராட்டம் நடத்திய அமைப்பில் உறுப்பினராகவோ தொடர்புடனோ இருந்தீர்களா" என்ற கேள்வியும் வரும், அது குற்றப்பதிவு பற்றியதே அல்ல, பாதுகாப்புப் பற்றியது, அதற்கான சட்டமும் வேறு.

கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் இது பிரிவு 34. குற்றப்பதிவுக்கு உள்ள 5 ஆண்டு, 10 ஆண்டு என்ற கழிவுக்காலம் (கீழே சொல்கிறேன்) இதற்கு இல்லை. உறுப்பினராக இருந்தார் என்று முடிவெடுத்தால் அமைச்சரிடம் விலக்குக் கேட்பதுதான் வழி, அது ஆண்டுக்கணக்கில் இழுபடும். விடுதலைப் புலிகள் அமைப்பை அமெரிக்கா 1997இலும் பிரித்தானியா 2001இலும் கனடா 2006இலும் பட்டியலில் சேர்த்தன. ஆனால் அந்தத் திகதிக்கு முன் விலகிவிட்டேன் என்பதால் கேள்வி இல்லாமல் போகாது. வன்னியில் இருந்த ஒருவருக்கு இது எவ்வளவு அநியாயமான கேள்வி என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கொருவர் என்று கட்டாயமாகக் கூட்டிப்போன காலம் அது, போனவர்களில் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள், நிர்வாகப் பிரிவுகளில் கணக்கு எழுதியும் வாகனம் ஓட்டியும் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள் இருந்தார்கள். இதையெல்லாம் சட்டம் கொஞ்சம் கேட்கும்: எந்த வயதில், விருப்பத்திலா கட்டாயத்திலா, என்ன வேலை, எவ்வளவு நாள், எப்போது விலகினீர்கள். அதனால்தான் இந்த ஒரு கேள்விக்கு விடை எழுதுவதற்கு முன், விண்ணப்பிக்கும் நாட்டில் உரிமம் பெற்ற, இந்த வகை வழக்குகளைப் பார்த்த சட்டத்தரணியிடம் காசு கொடுத்தாவது ஒரு மணித்தியாலம் பேசுங்கள். மாப்பிள்ளையோ பெண்ணோ அங்கே இருப்பதால் அவர்களே போய்ப் பேசலாம். முகவரிடம் விடாதீர்கள். பொய்யும் எழுதாதீர்கள், நடந்ததற்கு மேலே கூட்டியும் எழுதாதீர்கள். இரண்டாவது தவறும் நடக்கிறது, தஞ்ச வழக்குக்கென்று யாரோ முன்பு எழுதிக்கொடுத்த கதை இப்போது துணை விசாவில் எதிரே வந்து நிற்கும்.

எடுத்து வைக்க வேண்டியவை: புனர்வாழ்வு முடித்ததற்கான சான்றிதழ், விடுவிப்புக் கடிதம், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தடுப்பில் வந்து பார்த்து அட்டை கொடுத்திருந்தால் அந்த அட்டை, பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம். கடைசி இரண்டும் உங்கள் வயதை நிரூபிக்கும், பதினெட்டுக்கு முன் கூட்டிப்போகப்பட்டவருக்கு இதுதான் உயிர்நாடி. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டு வழக்கில்லாமல் விடப்பட்டவர் தடுப்புக்காவல் கட்டளையின் பிரதியைத் தேடி எடுங்கள். வழக்கு நடந்து விடுதலையானவர் மேல் நீதிமன்றத் தீர்ப்பை எடுங்கள்.

நாட்டுக்கு நாடு எல்லைக்கோடு எங்கே

பிரித்தானியாவில் பெரிய கோடு 12 மாதச் சிறைத்தண்டனை. அதுவும் அதற்கு மேலும் என்றால் மறுப்பதுதான் விதி, குடும்ப வாழ்வுரிமையை வைத்து வாதாட வேண்டியிருக்கும். அதற்குக் குறைவு என்றால் பெரும்பாலும் அதிகாரியின் தீர்மானம். 2025 நவம்பரில் குடும்ப விசாக்களுக்கான இந்த விதி மாறியது, அதனால் 4 ஆண்டு, 10 ஆண்டு என்று பழைய அட்டவணையைக் காட்டி யாராவது விளக்கினால் ஆண்டு எது என்று கேளுங்கள்.

அவுஸ்திரேலியாவிலும் 12 மாதம்தான், ஆனால் எண்ணுகிற முறை கடுமை. ஒத்திவைத்த தண்டனையும் எண்ணப்படும். இரண்டு வழக்கில் ஆறாறு மாதம் தீர்த்து, ஒன்றாக அனுபவிக்கும்படி சொல்லியிருந்தாலும் கூட்டிப் பன்னிரண்டாக எடுப்பார்கள். கோட்டைத் தாண்டினாலும் உடனே கதவு மூடப்படுவதில்லை, குற்றத்தின் தன்மை, கழிந்த காலம், அங்குள்ள துணை, பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்மானிப்பார்கள். பொய்த் தகவல் கொடுத்தால் 3 ஆண்டுத் தடை, அடையாளத்தில் பொய் என்றால் 10 ஆண்டு.

கனடா தண்டனையின் நீளத்தை மட்டும் பார்ப்பதில்லை. நீங்கள் இங்கே செய்தது கனடாவில் நடந்திருந்தால் அங்கே அதற்கு எந்தப் பிரிவு, அதிகபட்சத் தண்டனை என்ன என்று பார்க்கும். இதனால் இங்கே பெரிதாகத் தெரிவது அங்கே சிறிதாகலாம், சிறிதாகத் தெரிவது பெரிதாகலாம். ஆகச்சிறந்த உதாரணம் மதுபோதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டியது. நம் பக்கத்தில் தண்டம் கட்டி, அனுமதிப்பத்திரம் கொஞ்ச நாள் நிறுத்தி, முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். கனடாவில் 2018 டிசம்பர் 18 முதல் அதற்கு அதிகபட்சம் 10 ஆண்டுச் சிறை, ஆகவே குடிவரவுச் சட்டத்தில் அது பாரதூரமான குற்றம். அந்தத் திகதிக்கு முன் நடந்தது என்றால் பழைய கணக்குப் பார்க்கலாம்: வேறு குற்றம் எதுவும் இல்லாமல் ஒரேயொரு தடவை மட்டும் என்றால், தண்டனை எல்லாம் முடிந்து 10 ஆண்டு கழிந்ததும் தானாகவே திருந்தியவராகக் கருத இடமுண்டு. பத்து ஆகவில்லை, ஐந்து ஆகிவிட்டது என்றால் திருந்தியவராக அங்கீகரிக்கும்படி தனி விண்ணப்பம் போடலாம். திகதியை எங்கிருந்து எண்ணுவது? தண்டம் கட்டிய நாளிலிருந்து அல்ல, அனுமதிப்பத்திரத் தடை முடிந்த நாளிலிருந்து. ஐந்தும் ஆகாதவருக்குத் தற்காலிக வதிவிட அனுமதி என்று ஒன்று உண்டு, அது அதிகாரி மனம்வைத்தால் கிடைப்பது.

அமெரிக்காவில் ஒழுக்கக்கேடான குற்றம் (திருட்டு, மோசடி போன்றவை) என்று ஒரு வகையும் போதைப்பொருளும்தான் பெரும் தடை. கணவன் அல்லது மனைவி அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தர வதிவாளராகவோ இருந்தால் சில குற்றங்களுக்கு விலக்குக் கேட்கலாம், போதைப்பொருளுக்கு அந்த வழி மிகக் குறுகல். கேரளக் கஞ்சாக் கடத்தல், ஐஸ் வழக்கு உள்ள தம்பிமார் எந்த நாட்டையும் இலகுவாக எண்ண வேண்டாம்.

பதிவு ஸ்பொன்சர் பக்கம் இருந்தால்

இதைப் பெண் வீட்டார் வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை டொரொன்டோவில், சிட்னியில், நல்ல வேலை, சொந்த வீடு என்று தரகர் சொல்வார். அவருக்கு அங்கே வழக்கு இருந்ததா என்று கேட்க நம் ஆட்களுக்கு வாய் வராது. கேளுங்கள். விசாவுக்காகவும் கேளுங்கள், பிள்ளையின் பாதுகாப்புக்காகவும் கேளுங்கள்.

கனடாவில் பாலியல் குற்றம், குடும்ப உறுப்பினர் ஒருவரைக் காயப்படுத்திய குற்றம் போன்றவற்றில் தண்டிக்கப்பட்டவர் தண்டனை முடிந்து 5 ஆண்டு ஆகும்வரை ஸ்பொன்சர் செய்ய முடியாது. சிறையில் இருப்பவரும் முடியாது. அவுஸ்திரேலியா ஸ்பொன்சரிடமும் பொலிஸ் சான்றிதழ் கேட்கிறது, வன்முறை போன்ற குறிப்பிட்ட குற்றங்கள் இருந்தால் அதை விண்ணப்பிக்கிறவருக்குத் தெரிவிக்க ஸ்பொன்சர் சம்மதம் தர வேண்டும். நல்ல ஏற்பாடு அது, ஆனால் அந்தத் தகவல் வருவது கல்யாணம் முடிந்து விண்ணப்பம் போன பிறகுதான். அமெரிக்காவில் சிறுவர்களுக்கு எதிரான குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரின் மனு பொதுவாக ஏற்கப்படாது. ஆகவே நிச்சயதார்த்தத்துக்கு முன்பே அவரது நாட்டுப் பொலிஸ் சான்றிதழை அனுப்பச் சொல்லுங்கள். எங்களிடம் பிள்ளையின் எல்லாப் பத்திரமும் கேட்கிறவர்களிடம் ஒரு பத்திரம் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

ஸ்பொன்சர் அகதியாகப் போய் இன்னும் குடியுரிமை எடுக்காதவர் என்றால் வேறொரு ஆபத்து. கனடாவில் பாதுகாப்புப் பெற்றவர் இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக் கல்யாணத்துக்கு இங்கே வந்துபோனால், பாதுகாப்புத் தேவையில்லை என்று எடுத்து அவரது வதிவிட உரிமையையே நீக்க வழக்குப் போடலாம். அதனால்தான் பல கல்யாணங்கள் திருச்சியிலும் சென்னையிலும் நடக்கின்றன. அப்படியென்றால் இங்கிருந்து போகிற பெண்ணோ ஆணோ இந்திய விசாப் படிவத்தின் கைதுக் கேள்வியையும் மேலே சொன்னதுபோல் வாசித்து நிரப்ப வேண்டும். இங்கேயே பதிவு என்றால், 2022 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரைப் பதிவு செய்யப் பாதுகாப்பு அனுமதி நடைமுறை வந்தது. பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் தேவையான பத்திரங்களை முதலே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மண்டபம் பிடித்த பிறகு ஓட வேண்டாம். கனடாக் குடியுரிமையுள்ளவர் லண்டன் வழியாக உறவினரைப் பார்த்துவிட்டு வர நினைத்தால் 2025 ஜனவரி முதல் பிரித்தானியாவின் மின்னணுப் பயண அனுமதி தேவை, அதிலும் குற்றப்பதிவுக் கேள்வி உண்டு.

விளக்கக் கடிதம்

"ஆம்" போட்ட எல்லோரும் ஒரு பக்கக் கடிதம் இணைக்க வேண்டும். அழுது எழுத வேண்டாம், பொலிஸைத் திட்டியும் எழுத வேண்டாம். நடந்தது, நீதிமன்றம் சொன்னது, அதன் பிறகு நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், இவ்வளவுதான். கற்பனையாக ஒருவருக்கு எழுதிக் காட்டுகிறேன்:

"2016 மார்ச் மாதம் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் மது அருந்திய நிலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதற்காகப் புதுக்குடியிருப்புப் பொலிஸார் என்னைக் கைது செய்தனர். விபத்து எதுவும் நிகழவில்லை, எவருக்கும் காயமில்லை. மறுநாள் பிணையில் விடுவிக்கப்பட்டேன். முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். தண்டப்பணம் விதிக்கப்பட்டது, சாரதி அனுமதிப்பத்திரம் ஆறு மாதம் இடைநிறுத்தப்பட்டது. தண்டப்பணத்தை அன்றே செலுத்தினேன் (பற்றுச்சீட்டு இணைப்பு 2). இடைநிறுத்தம் 2016 ஒக்டோபரில் முடிந்தது (இணைப்பு 3). அதற்கு முன்னும் பின்னும் என்மீது வேறு வழக்கு இல்லை. இந்த விடயம் என் மனைவிக்குத் திருமணத்துக்கு முன்பே தெரியும்."

கடைசி வரி முக்கியம். துணைக்குத் தெரியும் என்று எழுதினால் அது உண்மையாக இருக்க வேண்டும், ஏனென்றால் நேர்முகத்தில் இருவரையும் தனித்தனியே கேட்கலாம். கடிதத்துடன் வேலை கொடுத்தவரின் கடிதம், கூட்டுறவுச் சங்கம் அல்லது கோயில் நிர்வாகத்தின் நற்சான்று சேர்க்கலாம். எழுதுகிறவர் வழக்கைப் பற்றித் தெரிந்தே எழுதினார் என்று அதில் ஒரு வரி இருந்தால்தான் அதற்குப் பெறுமதி. தமிழிலோ சிங்களத்திலோ உள்ள எல்லாவற்றையும் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்குங்கள். மொழிபெயர்ப்பு வந்ததும் பெயரின் எழுத்து, திகதி, வழக்கு இலக்கம் மூன்றையும் நீங்களே கடவுச்சீட்டோடு வைத்துப் பாருங்கள்.

முகவரைப் பற்றி ஒரு வார்த்தை. கனடாவுக்கு உரிமம் பெற்ற ஆலோசகர், அவுஸ்திரேலியாவுக்குப் பதிவு செய்த முகவர் என்றால் அவர்களுக்கு இலக்கம் உண்டு, அந்த நாட்டுப் பொதுப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். இலக்கம் இல்லாதவரிடம் தட்டச்சுக்கு மட்டும் போங்கள். யார் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது, அனுப்புவதற்கு முன் முழுப் படிவத்தின் பிரதியையும் வாங்கி வீட்டில் வையுங்கள். தர மறுத்தால் அந்த இடத்தில் செய்ய வேண்டாம்.

கடிதம் வந்தால், மறுப்பு வந்தால்

கனடா மறுப்பதற்கு முன், எங்களுக்கு இந்தச் சந்தேகம் இருக்கிறது, பதில் சொல்லுங்கள் என்று ஒரு கடிதம் அனுப்பும். அது மின்னஞ்சலில் வரும், நாள் எல்லை அதிலேயே இருக்கும். முகவரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு அவர் பார்க்காமல் விட்டு மறுக்கப்பட்டவர்கள் உண்டு, ஆகவே உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்து, அதன் கடவுச்சொல்லை எழுதி வைத்து, தினமும் பாருங்கள். நாள் போதாவிட்டால் எல்லை முடிவதற்கு முன்பே கால நீட்டிப்புக் கேட்டு எழுதுங்கள்.

மறுத்தால் முதலில் காரணப் பத்தியை மட்டும் மொழிபெயர்த்து வாசியுங்கள். குற்றப்பதிவா, பாதுகாப்பா, பொய்த் தகவலா, அல்லது உறவு உண்மையானதென்று நம்பவில்லையா என்பதற்கேற்ப வழி மாறும், நம்பாத உறவுக்கு வழக்குப் பிரதியை மறுபடி அனுப்பிப் பயனில்லை. பிரித்தானியாத் துணை விசா மறுப்புக்கு வெளியிலிருந்து மேன்முறையீடு செய்ய 28 நாள். கனடாவில் ஸ்பொன்சர் 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம், ஆனால் பாதுகாப்புக் காரணத்தாலோ பாரதூரமான குற்றத்தாலோ மறுத்தால் அந்த உரிமை இல்லை, கூட்டாட்சி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், வெளிநாட்டில் எடுத்த முடிவுக்கு அங்கே 60 நாள். நாள் எண்ணத் தொடங்குவது உங்கள் கைக்குக் கடிதம் வந்த நாளிலிருந்து, அதனால் மின்னஞ்சலை அழிக்காமல் திகதி தெரியும்படி அச்செடுத்து, அன்றே ஸ்பொன்சருக்கும் அவரது சட்டத்தரணிக்கும் அனுப்பிவிடுங்கள்.